எதிரே அடையாளம் தெரியாத பொருள்: போர் விமானி செய்ய வேண்டியது என்ன?

அடையாளம் தெரியாத பறக்கும் பொருள் என்றாலே பேச்சு வேற்றுக்கிரகவாசிகளிடம் போய் நின்றுவிடுகிறது. காக்பிட்டில் இருப்பவருக்கு அந்தப் பேச்சால் எந்தப் பயனும் இல்லை. அவருடைய பாதையில் ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்குத் தன் அடையாளத்தை ரேடாருக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவி இல்லை, விளக்கு இல்லை, தரைக் கட்டுப்பாட்டாளரின் திரையிலும் அது இல்லை. எந்தப் பக்கம் விலகுவது என்பது முதல் கேள்வி. அது என்ன, யாருடையது என்பதெல்லாம் இறங்கிய பிறகு கேட்க வேண்டியவை.

இந்த வரிசையை மாற்றினால் உயிர் போகும். 1948 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கியில் கேப்டன் தாமஸ் மான்டெல் எஃப்-51 மஸ்டாங் விமானத்தில் வானில் தெரிந்த ஒரு பொருளைத் துரத்தி மேலே ஏறினார். விமானத்தில் ஆக்சிஜன் இல்லை. உடன் வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள். அவர் 20,000 அடியைத் தாண்டியும் ஏறினார், நினைவிழந்தார், ஃபிராங்க்ளின் ஊர் அருகே விழுந்து இறந்தார். அவர் துரத்தியது அப்போது ரகசியமாக வைக்கப்பட்டிருந்த ஸ்கைஹூக் ஆராய்ச்சி பலூன் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தப் பொருள் அவரைத் தொடவே இல்லை. அதைத் துரத்தியதுதான் அவரைக் கொன்றது.

12.5 நொடி

கண்ணால் பார்த்து மோதலைத் தவிர்ப்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சுற்றறிக்கை ஒன்று கணக்குப் போட்டிருக்கிறது. பொருள் கண்ணில் பட 0.1 நொடி, அது என்ன மாதிரிப் பொருள் என்று புரிய 1 நொடி, மோதப்போகிறோம் என்று உறைக்க 5 நொடி, எந்தப் பக்கம் என்று முடிவெடுக்க 4 நொடி, கை அசைய 0.4 நொடி, விமானம் திரும்பத் தொடங்க 2 நொடி. மொத்தம் 12.5.

450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்) வேகத்தில் விமானம் ஒரு நொடிக்கு 231 மீட்டர் போகிறது. 12.5 நொடியில் 2.9 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் 1 மீட்டர் அகலப் பொருள் கண்ணுக்கு 1.2 ஆர்க் மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க் மினிட்) அளவே தெரியும். நல்ல பார்வையின் எல்லையே 1 ஆர்க் மினிட். அதாவது, தவிர்க்க வேண்டிய நேரம் தொடங்கும்போது அது வெறும் புள்ளி, அதுவும் சரியாக அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தால். தெளிவான வடிவம் தெரிய 5 ஆர்க் மினிட்டாவது வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அப்போது மிச்சமிருப்பது 690 மீட்டர், 3 நொடி.

இந்தப் பட்டியலில் 5 நொடியும் 4 நொடியும்தான் குறைக்கக் கூடியவை. மற்றவை உடலும் இயந்திரமும் எடுத்துக்கொள்ளும் நேரம். அந்த 9 நொடி யோசனையைத் தரையிலேயே முடித்துவிட வேண்டும். கீழே சொல்வதில் பாதி அதற்காகத்தான்.

மோதினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு. 5 கிலோ பொருள் ஒன்றின் மேல் 450 நாட் வேகத்தில் மோதும்போது வரும் ஆற்றல் சுமார் 134 கிலோஜூல். ஒன்றரை டன் கார் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதற்குச் சமம். அதுவும் ஒரு உள்ளங்கை அளவு பரப்பில். பறவை பெரும்பாலும் நீர், மோதியதும் சிதறிப் பரவும். ட்ரோனில் இருக்கும் மோட்டாரும் பேட்டரியும் அப்படிச் சிதறாமல் உள்ளே துளைத்துப் போகும். ஒரே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் அதிகச் சேதம் செய்கிறது என்பதை 2017இல் வெளிவந்த அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூட்டாய்வு காட்டியது.

புறப்படும் முன்

முதலில், அந்த வான்பரப்பில் இருக்க வாய்ப்புள்ளவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வானிலை பலூன்கள் உலகெங்கும் ஒரே நேர அட்டவணையில் ஏவப்படுகின்றன. 00, 12 யுடிசி (உலகப் பொது நேரம்) கண்காணிப்புக்காக அதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விடுவார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 அடி ஏறும். ஆகவே 25,000 அடியில் பயிற்சி என்றால் ஏவிய 25 நிமிடத்தில் பலூன் அங்கே இருக்கும். ஏவுதளத்தின் இடத்தையும் அன்றைய மேல்வானக் காற்றையும் வைத்து அது எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்று வரைபடத்தில் ஒரு கோடு போட இரண்டு நிமிடம் போதும். இதைச் செய்யும் ஸ்குவாட்ரன்கள் (போர் விமானப் பிரிவுகள்) குறைவு என்பது வருத்தமான விஷயம்.

பிறகு நோட்டாம்கள் (விமானிகளுக்கான அதிகாரபூர்வ எச்சரிக்கை அறிவிப்புகள்), அருகில் ட்ரோன் பயிற்சித் தளம் இருந்தால் அதன் நேரம், ராக்கெட் ஏவல்கள். இரவுப் பறப்பு என்றால் வெள்ளி, வியாழன் கோள்கள் எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதையும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை எப்போது கடக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே போன பிறகும் அவற்றின் மேல் ஒளி பட்டுத் திடீரென்று பளிச்சிடும், அணையும். விண்ணில் இருக்கும் பொருளுக்காகத் திடீர்த் திருப்பம் எடுத்து இணை விமானத்தின் மேல் (உடன் பறக்கும் விமானம்) போய் விழுவதும் விபத்துதான்.

அடுத்தது, அதே பகுதியில் முன்பு வந்த அறிக்கைகள். அமெரிக்காவின் வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் உள்ள டபிள்யூ-72 பயிற்சி வான்பரப்பில் 2013, 2014ஆம் ஆண்டுகளில் எஃப்/ஏ-18 விமானிகள் அடுத்தடுத்து ஆபத்து அறிக்கைகள் எழுதினார்கள். பின்னர் பகிரங்கமான அந்த ஆவணங்களில் ஒன்று, சூட்கேஸ் அளவுள்ள வெள்ளி நிறப் பொருளை 1,000 அடிக்குள் கடந்ததாகச் சொல்கிறது. இன்னொரு நாள், பயிற்சிப் பகுதியின் நுழைவுப் புள்ளியிலேயே அசையாமல் நின்ற பொருளின் இருபுறமும் இரண்டு ஜெட்கள் கடந்து போயின. ஒளி ஊடுருவும் கோளத்துக்குள் கருத்த கனசதுரம் என்று விமானிகள் விவரித்ததை முன்னாள் கடற்படை விமானி ரயன் கிரேவ்ஸ் 2023 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமாகச் சொன்னார். நுழைவுப் புள்ளி என்பதைக் கவனியுங்கள். எல்லா விமானங்களும் குவியும் இடம் அது. அங்கே நுழையும்போது யாரும் எரிபொருள் கணக்கோ ரேடியோ மாற்றமோ செய்துகொண்டிருக்கக் கூடாது. நுழைவதற்கு 20 கடல் மைல் முன்பே அதெல்லாம் முடிந்து, எல்லாக் கண்களும் வெளியே இருக்க வேண்டும்.

கடைசியாகப் பிரீஃபிங்கில் (புறப்படும் முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில்) மூன்று விஷயங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள்: யார் எந்தக் கோணத்தைப் பார்ப்பது, பொருள் தெரிந்தால் யார் எந்தப் பக்கம் விலகுவது, எந்த வார்த்தை கேட்டால் பயிற்சி நிற்கும். பயிற்சியை உடனே நிறுத்தச் சொல்லும் “நாக் இட் ஆஃப்” என்ற அழைப்பு ஏற்கெனவே பழக்கத்தில் இருக்கிறது. அடையாளம் தெரியாத பொருளுக்கும் அதுவே செல்லும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், வேடிக்கையாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கத்தில் வாய் திறக்கச் சில நொடிகள் போகும். நம்மிடம் இருப்பதே சில நொடிகள்தான்.

ரேடார் ஏன் காட்டாது

போர் விமான ரேடார், தரையிலிருந்து வரும் எதிரொலியைத் தள்ளிவிட வேகத்தைப் பார்க்கிறது. தரை எந்த வேகத்தில் நம்மை நோக்கி வருவதுபோல் தெரிகிறதோ, அதே வேகத்தில் வரும் எல்லாவற்றையும் கழித்துவிடும். காற்றோடு 20 நாட் வேகத்தில் மிதக்கும் பலூனுக்கும் தரைக்கும் ரேடார் பார்வையில் அதிக வித்தியாசம் இல்லை. ஆகவே கீழ்நோக்கிப் பார்க்கும் ரேடாரில் அது காணாமல் போகும்.

2023 பிப்ரவரியில் சீன பலூன் வட அமெரிக்காவைக் கடந்த பிறகு இதையே சரிசெய்தார்கள். வேக வடிகட்டியைத் தளர்த்தி மெதுவான சிறு பொருள்களும் தெரியும்படி செய்ததாக வட அமெரிக்க வான்பாதுகாப்புக் கட்டளையகமான நோராட்டின் அப்போதைய தளபதி ஜெனரல் கிளென் வான்ஹெர்க் விளக்கினார். பிப்ரவரி 10, 11, 12 என்று அடுத்தடுத்த மூன்று நாளில் மூன்று பொருள்கள் சுட்டு வீழ்த்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அவை முன்பும் அங்கே இருந்திருக்கலாம், திரையில் வரவில்லை.

விமானியின் கையில் இருப்பது இவ்வளவு: பயிற்சிப் பகுதிக்குள் நுழையும் முன் ஒரு முறை, உங்கள் ரேடார் அனுமதித்தால், குறைந்த வேக இலக்குகளைக் காட்டும் அமைப்புக்கு மாற்றித் துழாவுங்கள். சற்றுக் கீழே இருந்து மேல்நோக்கிப் பாருங்கள், பின்னணியில் தரை இல்லாததால் சிறு பொருள் தெரிய வாய்ப்பு கூடும். போலித் தடங்கள் அதிகம் வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடம் ரேடாரில் மட்டும் இருந்து, அகச்சிவப்புக் கேமராவிலும் கண்ணிலும் இல்லை என்றாலும் அது இல்லை என்று முடிவுகட்டாமல் சுற்றிப் போங்கள். மோதல் தவிர்ப்புக் கருவிகளை இதற்கு நம்பவே கூடாது. அவை டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்லும் விமானங்களை மட்டுமே அறியும்.

கண்ணைப் பயன்படுத்தும் முறை

வெற்று வானத்தைப் பார்க்கும்போது கண் தானாகவே சில மீட்டர் தூரத்தில் குவிந்துவிடும். அந்த நிலையில் தூரத்துப் புள்ளி மங்கிப் போகும். சில நொடிக்கு ஒரு முறை இணை விமானத்தையோ மேக விளிம்பையோ அடிவானத்தையோ பார்த்துக் குவியத்தைத் தூரத்துக்குத் தள்ளுங்கள். பிறகு 10 டிகிரி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 1 நொடி நிறுத்திப் பாருங்கள். தலையை ஓட்டிக்கொண்டே போனால் எதுவும் பதியாது.

மோதும் பாதையில் உள்ள பொருள் கண்ணாடியில் நகராது. அதனால்தான் அது கண்ணில் படுவதில்லை. கண்ணாடியில் ஒரு கீறலோ பூச்சிக் கறையோ இருப்பதாகத் தோன்றினால் தலையை ஒரு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்துங்கள். கறை என்றால் பின்னணியோடு ஒப்பிடும்போது இடம் மாறும். வெளியே இருக்கும் பொருள் என்றால் மாறாது. அப்படியே நின்றபடி பெரிதாகிறது என்றால் யோசிக்க நேரமில்லை.

இரவில் தனி விளக்கை முறைத்துப் பார்க்காதீர்கள். இருட்டில் ஒற்றை ஒளியை 6 முதல் 12 நொடி உற்றுப் பார்த்தால் அது தானே நகர்வதுபோல் தோன்றும். 1948 அக்டோபர் 1 அன்று ஃபார்கோ நகரின் மேல் ஜார்ஜ் கோர்மன் என்ற விமானி ஒரு வெள்ளை விளக்கோடு 27 நிமிடம் சண்டையிடுவதுபோல் பறந்தார். அது விளக்குக் கட்டிய வானிலை பலூன் என்பது விமானப்படை விசாரணையின் முடிவு. பலூன் பாய்ந்து வருவதாகத் தோன்றியதற்குப் பெரும்பங்கு அவருடைய விமானத்தின் வேகமே.

தெரிந்துவிட்டது. இப்போது?

விலகுங்கள். பேச்சு அதற்குப் பிறகு.

நேரம் இருந்தால், பொருளைப் பார்வையில் வைத்தபடி அது கண்ணாடியில் நகரத் தொடங்கும் வரை திரும்புங்கள். நேரம் இல்லையென்றால் இறக்கையைச் சாய்க்காமல் நேராக மேலே இழுங்கள். சாய்ப்பதற்கே அரை நொடிக்கு மேல் போய்விடும். 4 ஜி (புவியீர்ப்பைப் போல் நான்கு மடங்கு விசை) இழுப்பு 1 நொடியில் சுமார் 15 மீட்டர், 2 நொடியில் சுமார் 59 மீட்டர் உயர்த்தும். எஃப்/ஏ-18 சூப்பர் ஹார்னெட்டின் இறக்கை முனையிலிருந்து முனை வரை 13.6 மீட்டர்தான், ஆகவே கடைசி 2 நொடி இழுப்பும் வீண் அல்ல.

மேலே போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பலூனுக்குக் கீழே கருவிப் பெட்டி கயிற்றில் தொங்கும். வானிலை பலூனில் அந்தக் கயிறு 30 மீட்டர் அளவுக்கு இருக்கலாம். பலூனுக்கு அடியில் நுழைவது கயிற்றுக்குள் நுழைவது. மாறாக, நீங்கள் பார்த்தது சிறு பெட்டி என்றால் மேலே பலூன் இருக்கும், அப்போது பக்கவாட்டில் விலகுங்கள். இரண்டு விமானங்களுக்கு நடுவே பொருள் இருந்தால் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் விலக வேண்டும். இதைப் பிரீஃபிங்கிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

விலகியதும் ரேடியோவில் ஒரே மூச்சில்: நாக் இட் ஆஃப், கடிகார மணிக் கணக்கில் திசை (நேர் எதிரே என்றால் 12 மணி), உயரம், தூரம், நகர்கிறதா நிற்கிறதா. “ஏதோ ஒன்று போச்சு” என்பதால் இணை விமானிக்கு ஒரு உதவியும் இல்லை. அதே கையோடு வழிசெலுத்தும் கருவியில் மார்க் பொத்தானை அழுத்துங்கள். அது பதிவது உங்கள் இடத்தை, பொருளின் இடத்தை அல்ல. ஆகவே அந்த நொடியில் பொருள் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை வாயால் சொல்லுங்கள். காக்பிட் ஒலிப்பதிவில் அது நேரத்தோடு பதிந்துவிடும். முழங்கால் அட்டையில் எழுத முயல்வதைவிட இது நல்லது.

திரும்பிப் போய்ப் பார்க்கலாமா? யாராவது அதிகாரத்தோடு கேட்டால் பார்க்கலாம். அப்போதும் எரிபொருள், உயரம், தூரம் மூன்றுக்கும் எல்லை வைத்துக்கொண்டு, ஒருவர் பார்க்க, மற்றவர் 2 மைல் தள்ளி நின்று விமானங்களையும் எல்லைகளையும் மட்டும் கவனிக்க வேண்டும். இருவரும் பொருளையே பார்த்தால் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள்.

தூரம் தெரியாமல் வேகம் சொல்லாதீர்கள்

500 மீட்டரில் உள்ள 1 மீட்டர் பொருளும் 5 கிலோமீட்டரில் உள்ள 10 மீட்டர் பொருளும் கண்ணுக்கு ஒன்றே. தூரம் தெரியாதபோது அளவும் வேகமும் வெறும் ஊகம்.

திரையில் உள்ள எண்களைப் படித்தால் ஊகம் தேவைப்படாது. ‘கோ ஃபாஸ்ட்’ என்று பேர்பெற்ற அமெரிக்கக் கடற்படைக் காணொளியை எடுத்துக்கொள்வோம். பொருள் கடல் மட்டத்தை ஒட்டி மின்னலாய்ப் பாய்வதுபோல் தெரியும். திரையில் விமானத்தின் உயரம் 25,000 அடி, கேமரா கீழே பார்க்கும் கோணம் 35 டிகிரி, பொருளின் தூரம் 3.4 கடல் மைல் என்று வரும் கணத்தில் நிறுத்துங்கள். 3.4 கடல் மைல் என்பது 20,658 அடி. அதை 35 டிகிரியின் சைன் மதிப்பான 0.574ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 11,850 அடி. அதாவது பொருள் சுமார் 13,150 அடி உயரத்தில், கடலுக்கு வெகு மேலே இருக்கிறது. பாய்வதுபோல் தெரிந்தது பெரும்பாலும் படம்பிடித்த விமானத்தின் ஓட்டம். 2023இல் நாசாவின் ஆய்வுக் குழுவும் 13,000 அடி, மணிக்கு 40 மைல் அளவு வேகம் என்றே கணக்கிட்டது. அந்த உயரத்துக் காற்றின் வேகத்துக்கு அது ஒத்துப்போகிறது.

இதனால் ஆபத்து குறைந்துவிடவில்லை. 40 மைல் வேகத்தில் மிதக்கும் ஒன்றும் 450 நாட் விமானத்துக்குச் சுவர்தான்.

மோதிவிட்டால்

கண்ணாடி விரிசல் என்றால் முகமூடிக் கண்ணாடியை இறக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள், காக்பிட் அழுத்த வேறுபாடு குறையும்படி கீழே வாருங்கள். எஞ்சின் அதிர்ந்தால் த்ராட்டிலைத் தேவையின்றி அசைக்காதீர்கள். இணை விமானி அடிப்பக்கம் உட்பட முழுவதையும் பார்க்கட்டும். இறங்குவதற்கு முன், தரையிலிருந்து போதிய உயரத்தில், சக்கரமும் ஃபிளாப்பும் இறக்கி, இறங்கும் வேகம் வரை மெல்லக் குறைத்துப் பாருங்கள். கட்டுப்பாடு எந்த வேகத்தில் தளர்கிறதோ அதற்கு மேலேயே வைத்து இறங்குங்கள். சோதித்த அமைப்பை மறுபடி மாற்ற வேண்டாம்.

தரையில் விமானத்தைக் கழுவக் கூடாது. 2017 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கில் சுமார் 300 அடி உயரத்தில் ஒரு ராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் சிறு ட்ரோன் மேல் மோதியது. ரோட்டர் இறக்கையில் பள்ளம் விழுந்தாலும் பத்திரமாக இறங்கியது. உள்ளே சிக்கியிருந்த மோட்டார் துண்டில் இருந்த வரிசை எண்ணை வைத்தே ட்ரோன் யாருடையது என்று கண்டுபிடித்தார்கள். மோதியது ட்ரோனை இயக்கியவருக்கே தெரியாது. ஆகவே துண்டு, கீறல், வண்ணத் தடம் எல்லாவற்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, துடைத்தெடுத்த மாதிரிகளைத் தனித்தனிப் பையில் இடுங்கள்.

அறிக்கை

2021 ஜூனில் அமெரிக்க உளவுத் துறை இயக்குநரகம் வெளியிட்ட அறிக்கையில் 144 சம்பவங்கள் இருந்தன. அவற்றில் 11 மோதல் தவறிய நிகழ்வுகள். உறுதியாக விளக்கம் கிடைத்தது ஒன்றே ஒன்றுக்கு, காற்றிழந்துகொண்டிருந்த பெரிய பலூன். மற்றவற்றில் முடிவுக்கு வரப் போதிய தரவு இல்லை என்பதே பெரும் குறை. கேலிக்கு அஞ்சி விமானிகள் பேசத் தயங்கியதையும் அது பதிவு செய்தது. ஸ்குவாட்ரன் தலைவர் இதைத் தீர்க்க ஒரு எளிய வழி உண்டு: பறவை மோதல் படிவம் போலவே இதையும் கட்டாயப் படிவமாக்குவது. கட்டாயம் என்றால் கேலிக்கு இடமில்லை.

இறங்கியதும் முதல் வேலை பதிவுகளைக் காப்பது. அடுத்த பறப்பில் மேலெழுதப்படும் முன்பே ஹட் (விமானியின் கண்ணெதிரே உள்ள தகவல் திரை) பதிவு, கேமராப் பதிவு, ரேடார் தரவு, விமானங்கள் தங்களுக்குள் பகிரும் டேட்டாலிங்க் தரவு எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும். விமானக் கடிகாரத்துக்கும் ஜிபிஎஸ் நேரத்துக்கும் எத்தனை நொடி வித்தியாசம் என்றும் எழுதுங்கள். பார்த்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசும் முன் தனித்தனியாக எழுதி, படமும் வரையட்டும். பேசிவிட்டால் இருவர் நினைவும் ஒன்றாகிவிடும்.

எழுதும் விதத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. “பெரிய வெள்ளிக் கோளம் அசாத்திய வேகத்தில் கடந்தது” என்பதில் பயன்படக் கூடியது நிறம் மட்டுமே. “1412:20 ஜூலு (யுடிசி). எங்கள் உயரம் 18,000 அடி, வேகம் 420 நாட், திசை 090. பொருள் 12 மணித் திசையில், அதே உயரம், ரேடாரில் இல்லை. முதலில் பார்த்ததிலிருந்து இடப்பக்கம் கடக்கும் வரை சுமார் 3 நொடி. கண்ணாடியில் நகரவில்லை. வெள்ளி நிறம், கீழே எதுவும் தொங்கவில்லை. கடந்தபோது எங்கள் இறக்கை நீளத்தைவிடக் குறைந்த தூரம்.” இதை வைத்து அடுத்த மேசையில் இருப்பவர் காற்றோட்டத்தோடு ஒப்பிட்டுப் பலூனா என்று அன்றே சொல்லிவிடலாம்.

அறிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். இடம், உயரம், நேரம், அளவு, விலகிய விதம் ஆகியவை ரகசியமற்ற பாதுகாப்பு அறிக்கையாக அன்றைக்கே போகட்டும். சென்சார் படங்களும் ரேடார் திறன் தெரியும் தரவுகளும் ரகசிய இணைப்பாகத் தனியே போகட்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் முழுதும் ரகசியமாகி அலமாரியில் தங்கிவிடும், அடுத்த நாள் அதே நுழைவுப் புள்ளிக்குப் போகும் விமானிக்கு எதுவும் எட்டாது. பிரீஃபிங் அறை வரைபடத்தில் அந்த இடத்தில் தேதியும் உயரமும் எழுதி ஒரு ஊசி குத்துங்கள். விளக்கம் கிடைத்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். கிடைக்காத ஊசியை எடுக்க வேண்டாம்.